உட்காரக் கேட்ட மனு

மதியம் மூன்றே காலுக்குச் செய்தி வந்தது. துணிக்கடையில் அது ஈ ஓட்டும் நேரம். தரைத்தளத்தில் இரண்டே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். பில் மேசைத் தொலைபேசி அடித்தபோது தங்கை ஒரு பெண்மணி வாங்கிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். மறுமுனையில் அத்தான், அக்காவின் கணவர்.

"முடிஞ்சிடுச்சும்மா. உங்க அக்கா போயிட்டா."

"சரிங்க" என்று ரிசீவரை வைத்தாள். பையின் வாயை மடித்து, பில்லைச் செருகி, இரண்டு கையாலும் நீட்டி, "நன்றி, மறுபடி வாங்க" என்றாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் தங்கை எழுந்து நின்றாள். நின்றவளுக்கு எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லை.

பில் மேசைக்கு நேர் எதிரே சட்டைத்துணிப் பிரிவு. பத்தொன்பது வருடம் அக்கா நின்ற இடம். அன்று காலையிலும் அங்கேதான் நின்றாள். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகுகிறது என்றாள். மதியம் மூச்சு வாங்கியது. அத்தான் வந்து கைத்தாங்கலாக அழைத்துப்போனபோது தங்கையும் கிளம்பப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

"நீ எதுக்கு? பில் போட ஆளில்ல. காலைக் காட்டிட்டு வந்துடறேன்."

காலைக் காட்டப் போகிறவளுக்குத் துணை எதற்கு என்று தங்கையும் இருந்துவிட்டாள்.

இரண்டு பேரும் அந்தக் கடையில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். அக்கா உயரம், மேல்தட்டுத் துணிச்சுருளை ஏணி போடாமல் எடுப்பாள் என்று சட்டைத்துணிக்கு அனுப்பினார்கள். தங்கை கணினி படித்திருந்தாள் என்று பில் மேசையில் போட்டார்கள். பில் மேசைக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. விற்பனைத் தளத்தில் வேலை செய்கிறவர்களில் உட்கார அனுமதி உள்ளவள் அவள் ஒருத்திதான். "ஒரே வயித்துல பொறந்ததுங்க. கடவுள் ஒருத்திக்குக் காலைக் குடுத்தான், ஒருத்திக்கு நாற்காலியைக் குடுத்தான்" என்பாள் துண்டுக்காரி. துண்டு, படுக்கைவிரிப்புப் பிரிவில் நிற்பவள். அவள் நாக்குக்குக் கடையில் பயப்படாதவர் கிடையாது.

வாடிக்கையாளருக்கு முன்னால் விற்பவர் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். வாடிக்கையாளர் இல்லாதபோதும் கூடாது, ஏனென்றால் எந்த நிமிடமும் ஒருவர் வரலாம். சாயவும் கூடாது. மாடியில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் மேற்பார்வையாளர் இதற்கென்றே பிறந்தவர் போல இருப்பார். அவருக்குக் 'கேமரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது தூணில் முதுகைக் கொடுத்தால் அந்தப் பிரிவின் உள்தொலைபேசி அடிக்கும். "தூண் தானா நிக்கும்மா, நீங்க தாங்க வேண்டாம்" என்பார். அவ்வளவுதான், திட்ட மாட்டார்.

ஆகவே அவர்களுக்கென்று சில வித்தைகள் இருந்தன. மேசைக்குக் கீழே ஒரு துணிச்சுருளைப் படுக்கவைத்து அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வது. கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றுவது. வெளியிலிருந்து பார்க்க, மேசைக்கு மேலே சிரிக்கும் முகம், கீழே கொக்கு. அடித்தட்டுச் சரக்குக் கேட்கிற வாடிக்கையாளரைக் கண்டால் தெய்வத்தைக் கண்ட மாதிரி. குனிந்து தேடுகிற சாக்கில் குந்தியிருக்கலாம். மற்றபடி உட்காரும் இடம் கழிப்பறை ஒன்றுதான். அதற்கும் வரிசை நிற்க வேண்டும்.

அக்கா வீட்டுக்குப் போனால் முதல் வேலையாகத் தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் ஏற்றி வைப்பாள். அவள் குதிகால் படும் இடத்தில் சுவரின் சுண்ணாம்பு கறுத்துப் போயிருந்தது. அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "எனக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு, இவளுக்கு நின்னு நின்னு கால் போச்சு. ரெண்டையும் கழட்டிச் சேர்த்தா ஒரு நல்ல ஆள் தேறும்" என்பார். அக்கா படுத்தபடியே, "அதுல வாய் மட்டும் உங்களது வேண்டாம்" என்பாள்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் வயதான ஒருவர் சட்டைத்துணி எடுக்க வந்தார். வாடிக்கையாளருக்கான முக்காலியில் உட்கார்ந்து, நிதானமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நடுவில் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு முக்காலியைத் தள்ளி, "நீயும் உக்காரும்மா, நான் எங்க ஓடப் போறேன்" என்றார். அக்கா உட்கார்ந்தாள். ஒரு சுருள் பிரித்துக் காட்டும் நேரம்கூட இருக்காது. கேமரா மாடியிலிருந்து இறங்கி வந்து, பணிவாகக் குனிந்து, "ஐயாகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றார். அக்கா கேட்டாள். பெரியவருக்குக் கை கால் ஓடவில்லை. எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

அன்று இரவு அக்கா தங்கையிடம் சொன்னது கேமராவைப் பற்றி அல்ல.

"அவர் சொன்னதும் என் வாய் டக்குனு கேட்டுடுச்சுடி. யோசிக்கவே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். அவள் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. தங்கைதான் வாசகங்களைச் சீர்செய்தாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இருக்கை வேண்டும்; உட்கார்ந்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை. கையெழுத்து என்று வந்தபோது பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கதையாகிவிட்டது. உடைமாற்றும் அறையில் காகிதம் கைக்குக் கை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் துண்டுக்காரி அதைத் தங்கையின் முன்னால் வைத்தாள்.

"உக்காந்திருக்கிற மகராசி மொதல்ல போடட்டும். விழுந்தாலும் நாற்காலில இருந்து விழறது கொஞ்ச தூரம்தானே."

தங்கை போட்டாள். பிறகு மற்றவர்கள் போட்டார்கள். மருந்துக்கடை, செருப்புக்கடை, கண்ணாடிக்கடை என்று தெரு முழுவதும் அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏறி இறங்கினாள். கையெழுத்துக் கேட்கப் போன இடத்திலும் நின்றபடிதான் பேசினாள். நகர மன்றத்தில் கொடுத்தபோது, மனு வாங்கும் குமாஸ்தா படித்துவிட்டு, "இது எங்க கையில இல்லீங்க. கடைச் சட்டம் நாட்டுக்கே ஒண்ணு. தலைநகருக்கு அனுப்புறோம்" என்றார். கிணற்றில் போட்ட கல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கல் சத்தம் கொடுத்தது. சட்டத்தைத் திருத்தலாமா என்று பார்க்க ஒரு விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். அது ஊர் ஊராக வரும். மனு கொடுத்தவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.

அக்கா பேச வேண்டியதை வேனில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பித்துப் பழகினாள். பின்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "உலகத்திலேயே நின்னுகிட்டே சம்பாதிச்சு, உக்காந்துகிட்டே பேசக் கத்துக்கிறவ நீதான்" என்றார் அத்தான்.

விசாரணை நடந்தது அரசு அலுவலகம் ஒன்றின் மேல்மாடியில். நீள மேசை, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், எல்லாம் மெத்தை தைத்தவை. பதினோரு பெண்கள் போயிருந்தார்கள். முதலில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். துண்டுக்காரி மெத்தையை அழுத்திப் பார்த்து, "தூங்கிடுவேன் போலிருக்கு" என்றாள். கதவு திறந்து குழுவின் தலைவி உள்ளே வந்தார். பின்னால் இரண்டு உறுப்பினர்கள், கடைக்காரர் சங்கத்தின் பிரதிநிதி. பதினோரு பேரும் எழுந்தார்கள். அது மரியாதை. தலைவி காகிதங்களைப் பார்த்தபடியே கையை அசைத்து, "உக்காருங்க" என்றார்.

யாரும் உட்காரவில்லை.

தங்கைக்கு அது பிறகும் புரியவே இல்லை. அவளும்தான் நின்றாள். கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, முகத்தில் அந்தச் சிரிப்போடு பதினோரு பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நான்கு பேர் காகிதங்களைப் புரட்டி எதையோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் அப்படிப் புரட்டித் தேர்ந்தெடுக்கிறவர்கள் முன்னால் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. கேள்வி கேட்கப்பட்டது. அக்கா வேனில் படித்தது அவ்வளவும் எங்கே போனதோ. "எங்களுக்கு… கொஞ்சம் கால் வலிக்குங்க" என்றாள்.

சங்கப் பிரதிநிதி நல்ல மனிதர். சாந்தமான குரல். "அம்மா உக்காரச் சொல்லி அரை மணி நேரம் ஆச்சுங்க. நாற்காலியும் இருக்கு. அவங்க நிக்கிறாங்க. யாரும் தடுக்கலையே. இது அவங்களுக்குப் பழக்கம்ங்க. நமக்குத்தான் பார்க்கக் கஷ்டமா இருக்கு, அவங்களுக்கு இல்ல" என்றார்.

அறையில் சிரிப்பு. தலைவி நிமிர்ந்து அப்போதுதான் அவர்களைப் பார்த்தார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஏம்மா நிக்கிறீங்க? கால் வலிக்குதுன்னு சொல்றீங்களே?"

அக்கா சொன்னாள்: "பரவாயில்லைங்க."

திரும்பும் பேருந்தில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துண்டுக்காரிதான் ஆரம்பித்தாள். "மெத்தை வெச்ச நாற்காலிடி. நான் தொட்டுப் பார்த்தேன்." யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி, அடக்க முடியாமல் போய், நடத்துனர் திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். இறங்கும்போது, "நம்ம வாயை நம்பக் கூடாது. அது கடையோட வாய்" என்றாள்.

குழு இன்னொரு முறை வரும் என்று சொல்லியிருந்தார்கள். சொல்ல முடியாதவர்கள் ஏதாவது காட்டலாம் என்றும். அக்கா பல நாள் யோசித்தாள். மருத்துவச் சான்று வாங்கலாம் என்றால் முக்கால்வாசிப் பேர் மருத்துவரிடமே போனதில்லை. காலைப் படம் எடுக்கலாம் என்றால் நரம்பு சுருண்ட காலை யாரும் காட்டச் சம்மதிக்கவில்லை. "முகத்தை வேணா எடு, கால் என் புருஷனே பார்த்ததில்ல" என்றாள் துண்டுக்காரி. கடைசியில் வழி, காலடியிலேயே கிடந்தது. சட்டைத்துணிப் பெட்டிகளுக்குள் வைத்து வரும் அட்டைகள். காலையில் கடை திறக்கும் முன் ஒருத்தி அட்டைமேல் வெறுங்காலோடு நிற்பாள். அக்கா நீலப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவாள். கடை மூடியதும் அதே அட்டையில், அதே இடத்தில் குதிகாலைப் பொருத்தி நிற்பாள். சிவப்புப் பென்சிலால் இன்னொரு கோடு. நீலத்துக்கு வெளியே சிவப்பு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதுதான் அவர்கள் சொல்ல வேண்டியது. யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

முதல் அட்டை துண்டுக்காரியுடையது. சிவப்புக் கோடு சுண்டுவிரல் பக்கம் அரை விரல் அகலம் வெளியே போயிருந்தது. அவள் அதைக் கையில் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை.

அட்டைகளை உடை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். ஒரு வாரத்தில் கேமரா கண்டுபிடித்தார். அவ்வளவுதான் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிவப்பு எப்போ போடறீங்க?"

"கடை மூடுற நேரத்துலங்க" என்றாள் அக்கா.

"ஷட்டர் இறக்கின பிறகு போடுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்." அட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மறுநாளும் தூணில் சாய்ந்தவளுக்கு உள்தொலைபேசி அடித்தது.

ஒருநாள் அக்கா தங்கையையும் அட்டைமேல் நிற்கச் சொன்னாள்.

"எனக்கு எதுக்குக்கா? நான் நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன்."

"அதுக்குத்தான்டி."

தங்கையின் அட்டையில் நீலமும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. கட்டைவிரல் அருகே மட்டும் ஒரு மயிரிழை விலகல். அக்காவின் முகம் அன்று மலர்ந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் தங்கை பார்த்ததில்லை.

"இதையும் என்னோடதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க, ஒரே கடை, ஒரே தளம். நீ உக்காந்தே, நான் நின்னேன். வேற எந்த வித்தியாசமும் சொல்ல முடியாது அவங்களால. எல்லா அட்டையும் ஒரு பக்கம், இந்த ரெண்டு அட்டை ஒரு பக்கம்."

"உன்னோடது எங்கே?"

"போடணும்."

மற்றவர்களுக்குக் கோடு போடுகிறவள் அவள். எல்லோர் காலும் முடியும்போது அத்தானின் வேன் வாசலில் ஒலியெழுப்பும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. இரண்டாவது விசாரணைக்கு எட்டே நாள் இருந்தபோது, அந்தக் காலையில், தங்கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னைக்கு எனக்குப் போடு" என்று செருப்பைக் கழற்றினாள்.

அன்று மதியம்தான் மூச்சு வாங்கியது.

மருத்துவமனை நடையில் மருத்துவர் சொன்னார்: காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. தங்கை கேட்டாள், நின்று நின்று இப்படி ஆகுமா என்று. மருத்துவர் இளைஞர், களைத்திருந்தார். "ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். பல காரணம் இருக்கும்மா. நின்னதாலதான்னு நான் எழுத முடியாது." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. அத்தான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ வேலை பாக்கி இருப்பவர் போல வேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் பத்துப் பெண்கள் போனார்கள். போக வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. போகலாம் என்றும் யாரும் வாயால் சொல்லவில்லை. அதே மாடி, அதே நாற்காலிகள். தலைவி உள்ளே வந்தபோது எழுந்தார்கள். "உக்காருங்க" என்றார். துண்டுக்காரி பக்கத்தில் நின்றவளின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தங்கைக்கு மட்டும் எழுந்து போய் மேசையில் அட்டைகளைப் பரப்ப வேண்டியிருந்தது.

தலைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உறுப்பினர் ஒருவர் விரலால் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். நீலம் காலை, சிவப்பு சாயங்காலம் என்பதற்கு மேல் தங்கை எதுவும் சொல்லவில்லை. சங்கப் பிரதிநிதியும் பார்த்தார். அவருக்கு வருத்தமில்லாமல் இல்லை. ஆனாலும் கேட்டார்: "சாயங்காலம் யாருக்குத்தான் கால் வீங்காது? எனக்கும்தான் வீங்கும். வயசு இருக்கு, உடம்பு வாகு இருக்கு. நிக்கிறதாலதான்னு எப்படிங்க சொல்றது?"

தங்கை தன் அட்டையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இது யாரோடது?" என்றார் தலைவி. "கோடே விலகலையே."

"என்னோடதுங்க. நான் பில் மேசை. எனக்கு நாற்காலி உண்டு."

பிரதிநிதி தலையசைத்தார். "உங்க உடம்பு வாகு வேற, அவங்க வாகு வேறம்மா."

"என் கூடப் பிறந்த அக்கா இதே கடையிலதாங்க நின்னாங்க" என்றாள் தங்கை. "மனு கொடுத்தது அவங்கதான்."

தலைவி காகிதத்தில் முதல் பெயரைப் பார்த்தார். போன முறை "பரவாயில்லைங்க" என்றவளின் முகம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களில் தேடினார். துண்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தேடுவதை நிறுத்திவிட்டுத் தலைவி மெதுவாகக் கேட்டார்:

"அவங்க அட்டை இருக்கா? இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா குழுவுக்கு உதவியா இருக்கும்."

தங்கை பையிலிருந்து கடைசி அட்டையை எடுத்துத் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் நீலக் கோடு மட்டும் இருந்தது. சிவப்புக் கோடு போடப்படவில்லை.